ஏழாம் நம்பர் ஸ்கியின் மேல்தகடு

இருங்கோ பிள்ளை, எழும்பாதேங்கோ. பையை நான் மடியில வைக்கிறன், இடம் காணும். நீங்கள் அம்மாவோட ஃபோனில தமிழில கதைச்சதைக் கேட்டுப்போட்டுத்தான் அங்கால சீற்றில இருந்து இஞ்ச வந்தனான். ஒட்டுக்கேட்டன் எண்டு நினைக்காதேங்கோ, நீங்கள்தான் கொஞ்சம் சத்தமாக் கதைச்சனீங்கள். பெரியாஸ்பத்திரியில நேர்ஸ், எலும்பு முறிஞ்ச ஆக்களைப் பாக்கிற மூண்டாம் மாடி, நாலு நாள் லீவு முடிஞ்சு இண்டைக்குப் பின்னேர வேலைக்குப் போறியள். சரிதானே? கழுத்தில தொங்கிற அட்டையிலயும் இருக்கு.

நானும் அங்கதான் போறன். உங்கட மாடிக்குத்தான். கடைசி ஸ்டேசனுக்கு இன்னும் நாப்பது நிமிசம் இருக்கு. அதுக்குள்ள ஒரு விசயம் சொல்லி, உங்களிட்ட ஒரு உதவி கேக்கவேணும்.

பத்தொன்பதாம் அறையில கொரீனா எண்டு ஒருத்தி படுத்திருக்கிறாள். வலது கால் ரெண்டு இடத்தில முறிவு. இடது கையில, முழங்கைக்குக் கீழ, தமிழில பச்சை குத்தியிருக்கிறாள். நீங்கள் லீவில நிண்டபடியால் இன்னும் பாத்திருக்கமாட்டியள். இண்டைக்குக் காட்டுவாள். தமிழ் ஆக்களைக் கண்டால் அவள் கையை நீட்டாமல் விடமாட்டாள். அந்த எழுத்து என்ர எழுத்து, பிள்ளை. அதை நான் அவளுக்காகத்தான் எழுதினது. ஆனால் அவள் நினைக்கிற மாதிரி இல்லை.

பொறுங்கோ, முதலில இருந்து சொல்லுறன்.

நான் பத்தொன்பது வருசம் ஸ்கி செய்யிற ஃபப்ரிக்கில வேலை செய்தனான். போன வெள்ளிக்கிழமையோட பென்சன். ஸ்கி எண்டால் ஏதோ ஒரு பலகையை எடுத்து நுனியை வளைச்சு விடுறது எண்டுதான் சனம் நினைக்குது. இல்லை. அது ஒரு அடுக்குச் சாமான். அடியில வழுக்கிற பிளாஸ்டிக்கும் இரும்பு விளிம்பும். அதுக்கு மேல அலுமினியத் தகடு, கண்ணாடி நார்த் துணி, நடுவில மரம், பேந்தும் துணி, பேந்தும் தகடு, எல்லாத்துக்கும் மேல படம் போட்ட தோல். இடையில இடையில பசை. வடிவா அடுக்கி, சூடான பிரஸ்ஸுக்குள்ள வைச்சுப் பூட்டினால் ஒட்டி ஒரே ஸ்கியா வரும். அடுக்குறதுதான் என்ர வேலை. பத்தொன்பது வருசத்தில ஒரு தகட்டை நான் மறந்ததில்லை. இதை மனசில வைச்சிருங்கோ, கடைசியில தேவைப்படும்.

எங்கட அறையில ஒரு பழக்கம் இருந்தது. அடுக்கிற ஆள் அந்த நடு மரத்தில பென்சிலால ஏதாவது எழுதும். மேல தகடு வந்து மூடினாப் பிறகு ஆர் பாக்கிறது? போர்த்துக்கல்காரன் கால்பந்து முடிவு எழுதுவான். கொசோவோக்காரி பேரப்பிள்ளையின்ர பேர் எழுதுவாள். நான் ஒரு பிள்ளையார் சுழி போடுவன். அவ்வளவுதான். இந்த மலையளில எத்தினை வெள்ளைக்காரர் காலுக்குக் கீழ பிள்ளையாரைக் கட்டிக்கொண்டு ஓடுகினம் எண்டு அவைக்கே தெரியாது.

இப்ப கொரீனா. அவள் முந்தி போட்டியளில ஓடினவள். மெடல் எல்லாம் இருக்கு. ஓட்டம் முடிஞ்சு, பொம்பிளையளின்ர ஸ்கிக்குப் பொறுப்பா எங்கட ஃபப்ரிக்குக்கு வந்தாள். பாதை போடாத மலையில, புதுப் பனியில இறங்கிற அகலமான ஸ்கி இருக்குத்தானே, ஃப்ரீரைட் எண்டு சொல்லுவினம், அதைப் பொம்பிளையளுக்கெண்டு தனியாச் செய்யப்போறன் எண்டு வந்தவள். வந்து என்ன செய்தாள்? ஆம்பிளையளின்ர அதே ஸ்கி. அதே மரம், அதே ரெண்டு தகடு. நீளத்தில ஒரு சாண் குறைச்சு, மேல ஊதாப்பூப் படம் போட்டாள். அடுக்கிற எனக்குத் தெரியாதே? பூவை உரிச்சால் உள்ளுக்கை ஆம்பிளைதான் இருக்கிறான்.

எனக்கு ஸ்கி ஓடத் தெரியும் பிள்ளை. சிரிக்காதேங்கோ. நாப்பத்தெட்டு வயசில பழகினனான். ரெண்டு பனிக்காலம், சனிக்கிழமை சனிக்கிழமை, சின்னப் பிள்ளையள் பழகிற சரிவில போய் நிண்டு பழகினது. வீட்டில இவருக்குக்கூடச் சொல்லேல்லை, கடைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போவன். நாள் முழுக்க ஒரு சாமானைச் செய்யிறம், அது என்ன செய்யும் எண்டு காலுக்குத் தெரியவேண்டாமே?

அந்த ஸ்கி வந்த மாசி மாசம் ஃபப்ரிக்கில எல்லாரையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம். கொரீனா தன்ர ஊதாப்பூ ஸ்கியைக் கொண்டுவந்து தந்தாள். நாகு, நீ இதை ஓடிப் பார் எண்டாள். அங்க எல்லாருக்கும் நான் நாகுதான். நகுலேஸ்வரி எண்டு ஒருத்தற்ர வாயிலயும் வராது. சரி எண்டு கட்டிக்கொண்டு இறங்கினன். ரெண்டு வளைவு ஒழுங்கா எடுத்தன், பிள்ளை, சத்தியமா. மூண்டாவது வளைவில அந்தச் சனியன் திரும்பேல்லை. நான் இடப்பக்கம் திருப்புறன், அது நேர போறன் எண்டு நிக்குது. குப்புற விழுந்தன். விழுந்ததோட நிண்டாலும் பரவாயில்லை. தலை கீழ, கால் மேல, லிஃப்ட் ஏறுற கொட்டில் வரைக்கும் வயித்தாலயே போனன். அங்க வரிசையில நிண்ட ரெண்டு பேரையும் விழுத்திப்போட்டுத்தான் நிண்டன்.

எழும்பி, பனியைத் துடைச்சுப்போட்டு, மரியாதையா அவளிட்டப் போய்ச் சொன்னன். இந்த ஸ்கி என்னோட சண்டை பிடிக்குது, மேல்தகடு இதுக்குக் கூடிப்போச்சு, பொம்பிளைப் பாரத்துக்கு இது மடங்காது எண்டன். அவள் என்ன சொன்னாள் தெரியுமோ? எல்லாருக்கும் முன்னால. "நாகு, ஸ்கியில பிழை இல்லை, ஓடுற ஆளிலதான் பிழை." எல்லாரும் கொல்லெண்டு சிரிச்சினம்.

அதோட விட்டாளோ? அவள் நான் விழுந்ததை ஃபோனில படம் பிடிச்சு வைச்சிருந்தவள். மார்கழியில ஃபப்ரிக்கின்ர மத்தியானச் சாப்பாடு. குடும்பத்தோட போறது வழக்கம். நான் பட்டுச் சீலை உடுத்துக்கொண்டு போனனான். சுவர் முழுக்கத் திரை கட்டி, பாட்டும் சேர்த்து, நான் விழுந்ததைப் போட்டாள். மூண்டு தரம் போட்டாள். பேந்து பின்பக்கமாவும் ஓட்டினாள், நான் வயித்தால மலையில ஏறுற மாதிரி. நூற்றி இருவது பேர். முதலாளியின்ர பெண்சாதி சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சா. எனக்குப் பக்கத்தில இருந்த மனிசனும் சிரிச்சார். அவருக்கு ஒரு மாசம் நான் மீன் சமைக்கேல்லை. அவற்ர கணக்கு அதோட சரி. இவளின்ர கணக்கு இன்னும் சரிவரேல்லை.

நானும் கையைத் தட்டினன். கையைத் தட்டேக்கைதான் முடிவெடுத்தன், இவள் ஒருநாள் எல்லாருக்கும் முன்னால குப்புற விழவேணும், அதை நான் படம் பிடிக்கவேணும் எண்டு.

வழியை அவளே திறந்து தந்தாள். ஊதாப்பூ ஸ்கி விலைப்படேல்லை. அதால அடுத்த பங்குனியில புதுசா எட்டுச் சோடி செய்து, மலையில வைச்சுப் பரீட்சை பாக்கிறது எண்டு முடிவாச்சு. அதுக்கு ஒரு முறை இருக்கு. எட்டுச் சோடியிலயும் மேல வெறும் கறுப்புத் தோல். படமில்லை, பேரில்லை. வெள்ளை மையால ஒரு நம்பர் மட்டும். எதுக்குள்ள என்ன இருக்கு எண்டு ஓடுற ஆளுக்குத் தெரியக்கூடாது. ஓடிப்போட்டு வந்து தாளில எழுதிக் குடுக்கவேணும். கடைக்காரர், பத்திரிகைக்காரர் எல்லாரும் வருவினம். ஏழாம் நம்பரைக் கட்டிக்கொண்டு கமராவுக்கு முன்னால முதல் இறங்கிறது கொரீனா எண்டு அட்டவணையில போட்டிருந்தது.

ஏழாம் நம்பரை அடுக்கினது நான்.

செய்முறைத் தாளில ரெண்டு தகடு எண்டு இருந்தது. நான் மேல்தகட்டை வைக்கேல்லை. இதை வடிவாக் கேளுங்கோ பிள்ளை, கீழ்த்தகட்டில நான் கை வைக்கேல்லை. அதை எடுத்தால் விளிம்பு பிடுங்குப்பட்டு ஆள் செத்துப்போகும். நான் கொலைகாரி இல்லை. மேலதை எடுத்தால் ஸ்கி மெலிஞ்சு துள்ளும், அவள் விழுவாள், அவ்வளவுதான். ஆனால் மேலதை எடுத்தால் சப்பாத்தைக் கட்டிற பூட்டின்ர ஸ்க்ரூ நிக்காது. அதால அந்த இடத்துக்கு மட்டும் ரெண்டு துண்டு கண்ணாடித் துணி கூடுதலா வைச்சன். வால்ப்பக்கம் மரத்தை ஒரு நகக்கண் அளவு சீவினன், அப்பதான் பின்பக்கம் பிடி இல்லாமல் போகும். பூட்டுப் போடவேண்டிய கோட்டை ரெண்டு சென்ரிமீற்றர் முன்னுக்குக் கீறினன், அப்பதான் நிலைகுலைவாள். எல்லாம் வஞ்சகமாச் செய்தது. ஒண்டும் நல்லதுக்குச் செய்யேல்லை. மூண்டு மத்தியானம் சாப்பிடாமல் யோசிச்சு யோசிச்சுச் செய்தனான்.

பேந்து பென்சிலை எடுத்து மரத்தில எழுதினன். "கொரீனா, குப்புற விழு. எல்லாரும் சிரிக்கட்டும்." எழுதி முடிச்சுப் பாக்கிறன், தலைப்பில பிள்ளையார் சுழி நிக்குது! கை பழக்கத்தில போட்டிட்டுது. அழிக்கலாம் எண்டு றப்பரைத் தேடினன், கிடைக்கேல்லை. பசை காயப்போகுது. சரி கிடக்கட்டும் எண்டு மூடி அமுக்கிவிட்டன். அதிலதான் எல்லாம் பிழைச்சுது எண்டு நான் நினைக்கிறன். சாபத்துக்கு மேல ஆராவது பிள்ளையார் சுழி போடுவினமோ?

பரீட்சை நாள் ஸ்கி தூக்கிக் குடுக்கிற வேலைக்கு நானே கேட்டுப் போனன். ஃபோனை முழுக்கச் சார்ஜ் போட்டுக்கொண்டு போனன். கொரீனா உச்சியில நிக்கிறாள், நான் கீழ ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். முழங்கால் வரைக்கும் புதுப் பனி. அவள் இறங்கினாள். இப்ப விழுவாள், இப்ப விழுவாள் எண்டு பாக்கிறன். முதல் வளைவு எடுத்தாள், ரெண்டாவது எடுத்தாள். அந்த ஸ்கி பனிக்கு மேல வந்து மிதக்குது, பிள்ளை. அவள் நினைக்க முதலே அது திரும்புது. நடு மலையில சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தத் தொடங்கிவிட்டாள். கீழ வந்து நிண்டு, மூச்சு வாங்கி, இதுக்குள்ள என்ன இருக்கு எண்டு கேட்டாள். எனக்கு வயிறு எரிஞ்சுது.

அந்தப் படம் இப்பவும் என்ர ஃபோனில இருக்கு. நாலு நிமிசம். ஒரு இடத்திலயும் விழேல்லை. எங்கயாவது கால் தடுமாறுதோ எண்டு எத்தினையோ தரம் போட்டுப் பாத்திட்டன். அந்த மூண்டாவது வளைவில, அதுதான் நான் விழுந்த வளைவு, அதில என்ன வடிவாத் திரும்புது எண்டு பாக்கவேணும் நீங்கள். பேந்து காட்டுறன்.

அண்டைக்கு வந்த பொம்பிளையள் பதினொரு பேர். நாப்பத்தெட்டுக் கிலோவில ஒருத்தி, என்னைவிட ரெண்டு மடங்கு உயரத்தில ஒரு பேக்கரிக்காரி, முழங்காலில ஒப்பரேசன் செய்த ஒரு ரீச்சர். எல்லாற்ர தாளிலயும் ஏழு, ஏழு, ஏழு.

பேந்துதான் கூத்து. ஏழாம் நம்பரை மாதிரி இன்னும் பத்துச் சோடி செய்யுங்கோ எண்டு கட்டளை வந்தது. செய்முறைத் தாளில உள்ளபடி, ரெண்டு தகடும் ஒழுங்கா வைச்சு, நானே அடுக்கிக் குடுத்தன். ஓடிப் பாத்தினம், அது ஏழு இல்லை. பசையை மாத்தினம். மரத்தை மாத்தினம். பிரஸ்ஸின்ர சூட்டை ஏத்தி இறக்கினம். இல்லை. எங்கட அறைப் பொறுப்பாளர் ரேத்தோ தலைமயிரைப் பிடுங்காத குறை. கொரீனா நித்திரை இல்லாத கண்ணோட வந்து வந்து, நாகு, உனக்கு ஏதாவது நினைவிருக்கோ எண்டு கேப்பாள். இல்லையே எண்டுவன். ஒரு மாசம், பிள்ளை. என்ர சீவியத்தில அப்பிடி ஒரு சந்தோசமான மாசம் வந்ததில்லை. வீட்டில ஒவ்வொரு நாளும் மீன் சமைச்சன்.

கடைசியில ஏழின்ர சோடியில ஒண்டை உரிச்சுப் பாக்கிறது எண்டு முடிவெடுத்தினம். சூடு காட்டி, உளி வைச்சு, கறுப்புத் தோலை மெல்ல மெல்லக் கழட்டினம். தகடு இருந்திருந்தால் தகடுதான் தெரிஞ்சிருக்கும். தகடு இல்லையே. பசை ஊறின கண்ணாடித் துணி, கண்ணாடி மாதிரித்தானே இருக்கும்? அதுக்குக் கீழ மரத்தில என்ர எழுத்து பளிச்செண்டு தெரியுது. சுழியோட.

என்னைக் கூப்பிட்டினம். தகடு எங்க எண்டு ரேத்தோ கேட்டார். என்னத்தைச் சொல்லுறது? வேணுமெண்டு எடுத்தனான் எண்டால் வேலையும் போய்ப் பொலிஸும் வரும். மறந்துபோனன் எண்டு சொன்னன். அந்தச் சொல்லைச் சொல்ல என்ர நாக்கு கூசிச்சுது. அவை ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சினம். கோவிக்கேல்லை. முதுகில தட்டினம். நாகுவின்ர மறதிக்கு நன்றி எண்டு கேக் வெட்டினம்.

கொரீனா மட்டும் அந்த எழுத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள். இது என்ன எண்டு கேட்டாள். உங்கட பேர் எண்டு முதல் சொல்லைக் காட்டினன். மற்றது? அந்த நேரம் வாயில வந்ததைச் சொன்னன். "கொரீனா, பறந்து போ. எல்லாரும் பாக்கட்டும்." அவள் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாள். நான் உன்னைப் பாத்து அப்பிடிச் சிரிச்சும் எனக்காக நீ இதை எழுதினியே எண்டாள். அதைப் படம் எடுத்துக்கொண்டு போய் அடுத்த கிழமையே கையில குத்திக்கொண்டு வந்தாள். சுழியும் சேர்த்துத்தான்! நான் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி இடைவேளையில அந்தக் கையைப் பாத்துச் சிரிப்பன். அவளும் சிரிப்பாள். ஒருக்கா ஒரு மலை ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவுற எங்கட தமிழ் அண்ணை ஒருத்தருக்குக் காட்டினாளாம். அவர் நல்லா உத்துப் பாத்துப்போட்டு, சூப்பர் எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போனவர் திரும்பி வரேல்லையாம். பாவம், அவருக்கேன் கரைச்சல்.

அது நடந்து மூண்டு வருசம் ஓடிப்போச்சு. அந்த ஸ்கிக்கு 'ஏழு' எண்டே பேர் வைச்சினம். இப்ப பொம்பிளையள் அதைத்தான் கேட்டு வாங்கினம். பத்திரிகையில வந்தது, நான் வெட்டி வைச்சிருக்கிறன். ஒரு தொழிலாளியின்ர அதிர்ஷ்டமான மறதியும், அதைக் கண்டுபிடிச்ச கொரீனாவின்ர காலும். இதுதான் தலைப்பு. மறதியாம்! துணி எவ்வளவு வைக்கிறது, வாலை எவ்வளவு சீவுறது, கோட்டை எங்க கீறுறது எண்டதெல்லாம் மறதியிலயே வரும்? அதுகளையும் பேந்து அளந்து பாத்துத் தாளில ஏத்தினவை, அப்பவும் மறதிதானாம். உண்மையைச் சொன்னால் வஞ்சகம் செய்தவள் ஆவன். சொல்லாட்டி மறதிக்காரி. மூண்டு வருசம் இதை முழுங்கிக்கொண்டு இருந்தனான்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பிரியாவிடை. கொரீனா கை நிறையப் பூவோட கார் விடுற இடத்தால வந்தாள். ஐஸ். காலை வைச்சாள், போச்சு. குப்புற விழுந்தாள், பிள்ளை. நான் எழுதின மாதிரியே. யன்னலில எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. ஒருத்தரும் சிரிக்கேல்லை. நான்தான் முதல் ஓடினன். கிட்ட நிண்டபடியால், வேற ஒண்டுமில்லை. தலையை மடியில வைச்சிருந்தன், அம்புலன்ஸ் வரும் வரைக்கும். அவள் நோவில அந்தக் கையைத்தான் பொத்திப் பிடிச்சுக்கொண்டு கிடந்தாள்.

நாலு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. விழுந்தாளே, இனி என்ன வேணும் எண்டு இவர் கேக்கிறார். அவருக்கு விளங்காது. ஆர் விழுத்தினது எண்டு அவளுக்குத் தெரியாட்டி அது என்ன பழி? இப்ப எனக்குப் பென்சன். என்னை ஒருத்தரும் வேலையால நிப்பாட்டேலாது. பொலிஸ் வந்தாலும் வரட்டும்.

உதவி இதுதான். என்ர டொச் பாசை ஃபப்ரிக் டொச். பசை கொண்டா, தகடு கொண்டா எண்டுற அளவுதான். நீங்கள் இஞ்ச பிறந்த பிள்ளை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் போயிருப்பியள். அவள் கையை நீட்டுவாள். நீங்கள் அதை வாசிச்சு, நல்ல டொச்சில, ஒரு சொல் விடாமல் சொல்லவேணும். குப்புற விழு. எல்லாரும் சிரிக்கட்டும். நான் கதவடியில நிண்டு அவளின்ர முகத்தைப் பாக்கவேணும்.

ஏன் பிள்ளை அப்பிடிப் பாக்கிறியள்? இந்தப் பைக்குள்ளயோ? அது ஒண்டுமில்லை, ரசமும் கொஞ்சம் புட்டும். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவளுக்கு ஒத்துவராது. வெறுங்கையோட போகேலாதுதானே.

ஸ்டேசன் வருது. எழும்புங்கோ.

இல்லை, பொறுங்கோ, ஒரு நிமிசம். அதை முதல் சொல்லவேண்டாம். முதல் தகட்டைச் சொல்லுங்கோ. ஏழாம் நம்பரில மேல்தகட்டை மறந்து விடேல்லை, எடுத்தது, எல்லாம் யோசிச்சுத்தான் எடுத்தது எண்டு சொல்லுங்கோ. துணி, வால், கோடு, மூண்டையும் சொல்லுங்கோ. அவளுக்கு அது வடிவா விளங்கவேணும். விளங்கினாப் பிறகு கையை வாசியுங்கோ.

ஆர் எடுத்தது எண்டு கேப்பாள். நாகு எண்டு சொல்லிப்போடாதேங்கோ. இந்தாங்கோ, பென்சில் இருக்கு, உங்கட அட்டைக்குப் பின்னால எழுதிவிடுறன். நகுலேஸ்வரி.